எல்லிஸ் சாலை மாடிப் பட்டறையில் அப்பாவின் கேமரா

எங்கள் வீட்டில் அந்தக் கேமராவுக்கு 'ரோலி' என்று பெயர். அப்பா 1979-இல் மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கி வந்தார். பெரம்பூரில் அவருடைய ஸ்டுடியோவை மூடும் வரை பாஸ்போர்ட் படம், காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் போனது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். தலையில் நிமிர்ந்து நிற்கும் மூடி. வலப்பக்கம் சுற்றும் கைப்பிடி. வயிற்றோடு அணைத்துப் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. சென்ற நவராத்திரியில் அதில் ஒரு சுருள் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. அதைச் சரிசெய்ய நான் அலைந்ததையும், கடைசியில் சரிசெய்துகொடுத்த எல்லிஸ் சாலைப் பட்டறையைப் பற்றிய என் கருத்தையும் எழுதுகிறேன். பழைய ஃபிலிம் கேமராவை அலமாரியில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் போனது இந்தப் பட்டறைக்கு அல்ல. கொலு வைப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, நகரின் வேறொரு பகுதியில் உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். அப்போது இருந்த குறை இரண்டே. ஒளியை உள்ளே விடத் திறந்து மூடும் ஷட்டர், திறந்தால் மூட மனமில்லாமல் நின்றது. குனிந்து பார்க்கும் திரை மங்கி, ஓரங்களில் கறுத்திருந்தது. பத்து நாளில் திருப்பிக் கொடுத்தார்கள். ஷட்டர் டக்கென்று மூடியது. உள்ளே புதுக் கண்ணாடி போட்டிருக்கிறோம் என்றார்கள். திரையும் பளிச்சென்று இருந்தது. 2,500 ரூபாய் கொடுத்துவிட்டு மனம் நிறைந்து வந்தேன். நவராத்திரிச் சுருளைக் கழுவி வாங்கியதும் மறுபடி அங்கே போய் நின்றேன். "அறுபது வருடத்து லென்ஸ், இவ்வளவுதான் வரும். ஷோகேஸில் அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னவர், சொல்லும்போது கேமராவைக் கையில்கூட எடுக்கவில்லை. அந்த லென்ஸ் எடுத்த படங்கள் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கின்றன. ஒன்றில் என் அத்தையின் மூக்குத்திக் கற்களை எண்ணலாம். லென்ஸின் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லிஸ் சாலையைப் பற்றிச் சென்னையில் படம் எடுப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. கேமரா விற்பவர்கள், வாடகைக்கு விடுபவர்கள், கல்யாண ஆல்பம் தைப்பவர்கள் என்று திருவல்லிக்கேணியின் அந்தப் பக்கம் முழுக்க இந்தத் தொழில்தான். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். அப்பாவுடைய பழைய நண்பர் ஒருவர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். பக்கத்துச் சந்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. பெயர்ப்பலகை கிடையாது. படிகள் செங்குத்து, கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு.

உள்ளே இருந்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அறை சிறியது. கிழக்கே ஒரு ஜன்னல், அதை ஒட்டி ஒரு மேசை, மேசையில் ஒரு குழிப்பணியாரச் சட்டி. வந்த வேகத்தில் அதைப் பார்த்துத் திகைத்தேன். பிறகு புரிந்தது. கழற்றும் திருகாணிகளை அடுக்கு அடுக்காக அந்தக் குழிகளில் போட்டு வைக்கிறார். முதலில் கழற்றியது முதல் குழி, அடுத்தது இரண்டாவது. மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருகிறார். ஒரு குழி காலியாகாமல் அடுத்ததில் கை வைப்பதில்லை.

கேமராவைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதற்கு முன் இதைத் திறந்தது யார், அம்மா?" லென்ஸ் பலகையின் நான்கு திருகாணிகளில் இரண்டின் தலை சிதைந்திருந்ததைக் காட்டினார். பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தியதால் வந்த காயம். பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். லென்ஸைப் பார்ப்பதற்கு முன் திருகாணித் தலைகளைப் பாருங்கள். யாரும் தொடாத பழுதைவிட, பாதி தெரிந்தவர் தொட்ட பழுதைச் சரிசெய்வது கடினம் என்றார் பாய்.

அடுத்தது, இது என்ன கேமரா என்ற கேள்வி. நான் ரோலி என்றேன். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. முன்பக்கத்தில் பெயர்த் தகடு இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது; நான் பார்த்த நாளிலிருந்தே அங்கே தகடு இல்லை. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்து நிறுவனம் 1929-இல் ரோலிஃபிளெக்ஸைக் கொண்டுவந்த பிறகு, உலகத்தில் இரண்டு லென்ஸ் கேமரா செய்தவர்கள் பலரும் அந்த உருவத்தையே பின்பற்றினார்கள். அதனால் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர்களுக்கு எல்லா இரட்டை லென்ஸும் ரோலிதான். பாய் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, கீழ் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை என்னையே படிக்கச் சொன்னார். யாஷினான், 80 மி.மீ., 1:3.5. அது யாஷிகா நிறுவனத்து லென்ஸின் பெயர். ஆக, ஜப்பான்.

யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்களிலேயே வகை பல. அவர் அதைப் பிரித்துக் காட்டிய விதம், நெல்லும் பதரும் பிரிப்பது போலத் தெளிவாக இருந்தது. ஃபிலிமை நகர்த்தக் குமிழ் இருந்தால் அது ஏ, டி, 635 போன்ற வரிசை. மடக்கும் கைப்பிடி இருந்தால் 'மேட்' குடும்பமாக இருக்கலாம். எங்களுடையதில் கைப்பிடி. அடுத்து, ஒளி அளக்கும் மீட்டர் இருக்கிறதா? இல்லை. அதோடு மேட் எல்.எம்., மேட் இ.எம். இரண்டும் போயின. பின்கதவைத் திறந்தார். ஃபிலிமை அழுத்தும் தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தார், நகரவில்லை. 1968-இல் வந்த மேட் 124-இல் அந்தத் தகடு நகரும். பன்னிரண்டு படம் வரும் 120 சுருளும் இருபத்து நான்கு படம் வரும் 220 சுருளும் அதில் போடலாம், அதனால்தான் 12, 24 இரண்டையும் சேர்த்து 124 என்று பெயர். கடைசியாக ஷட்டர் முகப்பில், ஷட்டரின் பெயரும் வகையும் பொடி எழுத்தில்: காப்பல், எம்.எக்ஸ்.வி. 124-இலும் 1970-இல் வந்த 124ஜி-யிலும் காப்பல் எஸ்.வி. என்றுதான் இருக்கும். ஆக, எங்கள் வீட்டு ரோலி, 1957-இல் முதலில் வந்த யாஷிகா-மேட். நாற்பது வருடம் வேறு பெயரில் வாழ்ந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் கையில் கிடைத்தது போல இருந்தது எனக்கு.

வகை தெரிவது ஆசைக்காக மட்டும் அல்ல. என்ன கேமரா என்று தெரியாவிட்டால் எதைப் பழுது என்று சொல்வது? மீட்டரே இல்லாத மாதிரிக்கு மீட்டர் வேலை செய்யவில்லை என்று இணையத்தில் தேடி நான் இரண்டு இரவுகளை வீணாக்கியிருக்கிறேன். முந்தைய கடையில் ரசீதில் '124' என்று எழுதியிருந்தார்கள்.

பிறகு அவர் கையை நீட்டினார்: "நெகட்டிவ் கொண்டுவந்தீர்களா?" நான் கைபேசியில் இருந்த படங்களைக் காட்டப் போனேன். வேண்டாம் என்றுவிட்டார். நல்லவேளையாகப் பையில் நெகட்டிவ் இருந்தது. ஒளிப்பெட்டியில் விரித்து, ஒவ்வொரு சட்டமாக உருப்பெருக்கியால் பார்த்துக்கொண்டு போனார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் இப்படித்தான் பார்ப்பார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.

நான்காவது சட்டத்தில் நின்றார். அம்மா கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். முகம் பஞ்சு போல் இருந்தது. "பின்னால் செட்டியார் பொம்மையைப் பாருங்கள்" என்று உருப்பெருக்கியை என்னிடம் கொடுத்தார். மூன்றாம் படியில் கடை பரப்பி உட்கார்ந்திருந்த செட்டியார். முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பருப்பும் அரிசியும். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பும் கத்தி வெட்டியது போல இருந்தது. "லென்ஸ் கெட்டிருந்தால் செட்டியாரும் தெளிவாக வரமாட்டார். கை அசைந்திருந்தால் எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். லென்ஸ் தன் வேலையைச் செய்கிறது. நீங்கள் பார்க்கிற இடமும் அது பார்க்கிற இடமும்தான் ஒன்றாக இல்லை."

கோளாறு எங்கே என்பதை அந்தச் சட்டத்தை வைத்தே சொல்லிவிட்டார். இரட்டை லென்ஸ் கேமராவில் நாம் பார்ப்பது மேல் லென்ஸ் வழியாக. படம் எடுப்பது கீழ் லென்ஸ். இரண்டும் ஒரே பலகையில் சேர்ந்து முன்னும் பின்னும் போகும். மேல் லென்ஸின் ஒளி, 45 டிகிரி சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே உள்ள சொரசொரப்பான திரையில் விழும். மேல் லென்ஸிலிருந்து திரைக்கு உள்ள தூரமும், கீழ் லென்ஸிலிருந்து ஃபிலிமுக்கு உள்ள தூரமும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். இடையில் இருப்பது அந்தக் கண்ணாடி ஒன்றுதான்.

தலைமூடியை அவிழ்த்துத் திரையை எடுத்தார். கீழே கண்ணாடி தெரிந்தது. பளபளவென்று, முந்தைய கடையில் புதிதாகப் போட்டது. பாய் ஒரு தபால் உறையின் ஓரத்தைக் கூராகக் கிழித்து, அந்தக் காகித முனையைக் கண்ணாடியின் மேல் மெல்ல வைத்தார். "முனைக்கும் அதன் நிழலுக்கும் நடுவில் என்ன தெரிகிறது?" குனிந்து பார்த்தேன். காகித முனை ஒரு இடத்தில். அதன் பிம்பம் இரண்டு மூன்று மி.மீ. கீழே. நடுவில் வெற்றிடம். அவர் இழுப்பறையிலிருந்து வேறொரு துண்டுக் கண்ணாடியை எடுத்து அதே முனையை வைத்தார். இதில் முனையும் பிம்பமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

விஷயம் இவ்வளவுதான். கேமராவுக்குள் இருக்க வேண்டிய கண்ணாடிக்கு ரசம் முன்பக்கம் இருக்கும். ஒளி கண்ணாடிக்குள் நுழையாமல் மேலேயே பட்டுத் திரும்பும். முந்தைய கடையில் போட்டது முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டிய துண்டு. அதற்கு ரசம் பின்பக்கம். ஒளி கண்ணாடியின் தடிமனைக் கடந்து உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். அந்தத் தடிமன் அளவுக்குத் தூரக் கணக்கு தப்பிவிடும். திரையில் அம்மாவின் கண் தெளிவாகத் தெரியும்படி நான் குமிழைத் திருப்பியபோது, கீழ் லென்ஸ் அம்மாவைத் தாண்டிச் செட்டியாரிடம் போய்விட்டது. நான் பூரித்துப்போன அந்தப் பளிச்சென்ற திரைதான் என் படங்களைக் கெடுத்தது. பழைய கண்ணாடி என்ன ஆயிற்று என்று நான் அந்தக் கடையில் கேட்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

தம் கணிப்பையே பாய் நம்பி நிற்கவில்லை. அடுத்துச் செய்த சோதனை என்னை அவரிடம் முழுமையாகச் சேர்த்தது. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் ஒரு துண்டு ட்ரேசிங் தாளை இழுத்து ஒட்டினார். ஷட்டரை 'பி'-யில் வைத்து, கம்பி விசையால் திறந்தே நிற்கும்படி பூட்டினார். ஃபோகஸ் குமிழை முடிவிலிக் குறி வரை திருப்பிக் கேமராவை ஜன்னல் பக்கம் நிறுத்தினார். ஒரு கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பார்க்கச் சொன்னார். தாளில் எதிர்க்கட்டடத்து மொட்டை மாடி தலைகீழாகத் தொங்கியது. தூரத்துத் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் இரண்டு காகம், கொடியில் ஒரு பச்சைப் புடவை. புடவை காற்றில் அசைந்தது. காகத்தின் கால் தெரிந்தது. அதே நிலையில் மேலே திரையைப் பார்த்தேன்: தொட்டி இருக்கிறது, காகம் இரண்டும் கரித்துண்டு போல. குமிழை மேலும் திருப்ப வழியில்லை, அங்கேயே முட்டி நின்றது. மேலே பொய், கீழே உண்மை. எந்தக் கருவியும் இல்லாமல், ஐந்து ரூபாய் விலையுள்ள ட்ரேசிங் தாளில் இதை நிரூபித்தார். வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த மூன்று சட்டங்கள் நெகட்டிவில் ஒன்றுமே இல்லாமல் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. அது பழுதே இல்லை என்றார். லென்ஸ் பக்கத்தில் எம், எக்ஸ், வி என்று ஒரு நெம்பு இருக்கிறது. எம் என்பது ஒருமுறை எரிந்து தீரும் அந்தக் காலத்துப் பல்புகளுக்கு. பல்பு முழு வெளிச்சத்துக்கு வரச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், அதற்கு முன்கூட்டியே சைகை கொடுத்துவிட்டுப் பிறகு ஷட்டர் திறக்கும். இப்போதைய மின் ஃபிளாஷ் சைகை வந்த நொடியே மின்னி முடிந்துவிடும். ஷட்டர் திறக்கும்போது இருட்டுதான். நெம்பு எக்ஸில் இருக்க வேண்டும். எங்களுடையது எம்மில் இருந்தது. வி என்பது தானாக எடுக்கும் வசதிக்கு. அதை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள் என்றார். பழைய ஷட்டர்களில் அந்தச் சிறு பற்சக்கரங்கள் பாதியில் நின்றுவிட்டால் மொத்த ஷட்டரும் அதோடு சிக்கி நின்றுவிடும்.

ஷட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, எண்ணெய்தான். முந்தைய கடையில் இடுக்கு வழியாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடும். பிறகு அது பரவி ஷட்டர் இதழ்களின் மேல் படலமாகும். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துக் காட்டினார். மழையில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிய தண்ணீரில் தெரிவது போல வானவில் நிறம் படர்ந்திருந்தது. இந்த இதழ்கள் உலர்ந்தே ஓட வேண்டியவை. ஒரு நொடி என்று வைத்து அழுத்தினால், நல்ல ஷட்டரில் பற்சக்கரம் கிர்ரென்று இடைவிடாமல் ஓடி டக்கென்று முடியும். எங்களுடையது கிர்ரென்று தொடங்கி, நடுவில் மூச்சு நின்று, மறுபடி எழுந்து முடிந்தது. முழுவதும் பிரித்து, கடிகாரக்காரர்கள் பயன்படுத்தும் பெட்ரோலில் கழுவி, தேவையான அச்சுகளுக்கு மட்டும் ஊசிமுனையளவு எண்ணெய் வைக்க வேண்டும் என்றார்.

பிறகு பூஞ்சை. ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் ஃபங்கஸ். சென்னையில் கேமரா வைத்திருப்பவர் யாருக்கும் இது புதிதல்ல. கீழ் லென்ஸின் பின்பகுதியில் சிலந்தி வலை போல் ஒரு கொத்து. சுத்தம் செய்தால் பெரும்பகுதி போய்விடும். ஒரு இடத்தில் மட்டும் லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிட்டது, அந்தத் தடம் போகாது, எதிர்வெயிலில் எடுத்தால் சற்று வெளிறும், மற்றபடி படத்தில் தெரியாது என்று முன்கூட்டியே சொன்னார். இதை நான் பெரிதும் மதிக்கிறேன். போகாததைப் போகும் என்று அவர் சொல்லவில்லை. தோல் உறையில் போட்டு வைத்ததுதான் காரணம் என்றார். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இப்போது கேமரா, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு இருக்கிறது. நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால், சமையலுக்கு எடுக்காத ஒரு தனிச் சட்டியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும்.

முன்பக்க ரசக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களுக்குள் நீளமாக இருக்கும் கண்ணாடி இதே வகைதான். ரிச்சி தெருப் பக்கம் உடைக்க வரும் இயந்திரங்களிலிருந்து வாங்கி வைத்திருக்கிறார். எங்கள் கேமராவுக்கு மேலே அகன்று கீழே குறுகிய துண்டு வேண்டும். நான் இரண்டாம் முறை போனபோது அதை வெட்டிக்கொண்டிருந்தார். ரசம் இருக்கும் பக்கத்தில் விரல் படாமல், ஓரத்தை மட்டும் பிடித்து, ஒரே கோடு, ஒரே அழுத்தம். முதல் துண்டு ஓரத்தில் சிறிது தெறித்தது. அதை மாட்டினாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வெட்டினார். மாட்டிய பிறகு மறுபடி ட்ரேசிங் தாள், மறுபடி தண்ணீர்த் தொட்டி. மேல் லென்ஸை இம்மி இம்மியாகத் திருகி, இரண்டும் ஒன்றாகும் வரை சரிசெய்தார். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது.

இனி, குறைகள். மூன்று வாரம் என்றார். ஆறு வாரம் ஆனது. தொலைபேசியை எடுப்பதே இல்லை. இரண்டு முறை பெரம்பூரிலிருந்து வந்து, இன்னும் ஆகவில்லை என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். முறையான ரசீது கிடையாது. நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதித் தருகிறார். விலைமதிப்புள்ள கேமராவைக் கொடுப்பவர்களுக்கு இது தயக்கமாக இருக்கும். எனக்கும் இருந்தது. கேமராவின் எண்ணை நானே அந்தத் தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். முகம் சுளிக்காமல் போட்டார். ரொக்கம் மட்டும்தான். அந்தப் படிகளில் முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியாது. மின்சுற்று வைத்த கேமராக்களை அவர் தொடுவதில்லை. என் முன்னாலேயே ஒருவர் கொண்டுவந்த தானியங்கிக் கேமராவைத் திருப்பி அனுப்பினார். அவர் பலம் முழுக்க இயந்திரக் கேமராக்கள்தான்.

செலவு மொத்தம் 3,800 ரூபாய். ஷட்டர் கழுவியது 1,800, கண்ணாடியும் ஃபோகஸ் சரிசெய்ததும் 1,200, லென்ஸ் சுத்தம் 800. கோளாறு என்ன என்று கண்டுபிடித்துச் சொன்னதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. முதல் நாள் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எனக்காகச் செலவழித்தார். என் கணக்கில் அந்த இரண்டு மணி நேரம்தான் இந்தப் பட்டறையின் உண்மையான மதிப்பு. திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. நெகட்டிவைப் படித்து, கேமரா இன்னது என்று உறுதிசெய்து, சோதித்துப் பார்த்துவிட்டுத் திறக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஷட்டரின் வேகங்களையும் அளந்து எழுதிக் கொடுத்தார். அவருடைய பேரன் கைபேசியோடு இணைத்துக் கொடுத்த ஒரு சிறு ஒளி உணர்வியை வைத்திருக்கிறார். ஒரு நொடியிலிருந்து 1/125 வரை சரியாக இருக்கிறது. 1/500 என்று வைத்தால் 1/380 தான் வருகிறது. அரை ஸ்டாப்புக்கும் (ஒளி இருமடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) குறைந்த வித்தியாசம்; ஸ்பிரிங்கின் வயது அது, இழுத்துக் கட்ட வேண்டாம் என்றார். அந்தத் தாளை டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கேமராவை வாங்கி வந்த வாரமே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள், 400 வேகம், போட்டேன். ஃபிலிமின் காகிதத்தில் உள்ள அம்புக்குறியைக் கேமராவின் உள்ளே இருக்கும் புள்ளிக்கு நேராக நிறுத்தி மூடியபோது, அப்பா அதைச் செய்யும் சத்தம் நினைவுக்கு வந்தது. கதவை மூடியதும் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். ஏன் என்று தெரியாமலே நானும் தட்டினேன். பால்கனியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். நெகட்டிவ் வந்ததும் பாயைப் போலவே ஒளிக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தேன். இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. மூக்குக் கண்ணாடியின் தழும்பு மூக்கின் இரு பக்கமும் தெரிந்தது. பின்னால் துணி காயும் கொடி மங்கலாக, மங்க வேண்டிய அளவுக்கு மட்டும் மங்கியிருந்தது. அப்பாவின் இருட்டறை அலமாரியில், படம் அச்சிடும் 'இந்து' தாள் பெட்டி இன்னும் ஒன்று இருக்கிறது, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்தது. அந்தத் தாள் இனி உதவாது. பெட்டியில் இந்த நெகட்டிவை வைத்திருக்கிறேன்.

இந்தப் பட்டறைக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கேமராவை நீங்களாகத் துடைத்துவிட்டுக் கொண்டுபோக வேண்டாம். குறிப்பாக உள்ளே உள்ள கண்ணாடியைத் துணியால் தொடவே கூடாது, முன்பக்க ரசம் விரலோடு வந்துவிடும். கடைசியாக எடுத்த சுருளின் நெகட்டிவை, அது எவ்வளவு மோசமாக இருந்தாலும், கட்டாயம் எடுத்துப் போங்கள். எந்தச் சட்டத்தை எங்கே, எதில் ஃபோகஸ் வைத்து எடுத்தீர்கள் என்று நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. அவசரம் என்றால் போகாதீர்கள். அவசரத்தைச் சொன்னால் அவர் கேமராவை வாங்குவதே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காகப் பூட்டியிருக்கும். மூன்று மணிக்கு மேல் போனால், ஜன்னல் பக்கத்து மேசையில் இருப்பார்.